நம்ம பிரச்சனைக்கு நேரா வசனம் இல்லையே, அப்ப வேதத்துக்கு என்ன அதிகாரம்?

அடுத்த கேள்வி, தண்டையார்பேட்டையிலேர்ந்து ஒரு சகோதரி எழுதியிருக்காங்க. படிக்கிறேன். "பாஸ்டர், தினமும் காலையில வேத வசனம் அச்சடிச்ச வாக்குத்தத்த அட்டை ஒண்ணு எடுத்து ஜெபிச்சுட்டுத்தான் வேலைக்குப் போறேன். வேதம்தான் நமக்கு அதிகாரம்னு நீங்க அடிக்கடி சொல்றீங்க. ஆனா எனக்கு இருக்குற எதுக்கும் நேரா வசனம் இல்ல. தண்டல் கடன் கட்டணும். பையன் ராத்திரி பூரா போனும் கையுமா இருக்கான். திருவொற்றியூர்ல இருக்குற எங்க அக்கா, அம்மாவோட செயின் விஷயத்துல ரெண்டு வருஷமா என்கூடப் பேசறதில்ல. அதிகாரம்னா என்ன அர்த்தம், விளக்குங்க."

நல்ல கேள்வி சகோதரி. உண்மையைக் கேட்டிருக்கீங்க.

முதல்ல அந்த அட்டையைப் பத்திப் பேசிடறேன். அட்டை எடுக்கிறது பாவம்னு நான் சொல்ல வரல. டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில நம்ம சபையிலயும் குடுக்கறோம். ஆனா அட்டையில எந்த வசனம் வருது? எரேமியா 29:11 வரும். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." கேக்கவே மனசு குளிருது. அதுக்கு முந்தின வசனம் எந்த அட்டையிலாவது வந்திருக்கா? பாபிலோன்ல எழுபது வருஷம் முடியணும்னு இருக்கு, 10-ஆம் வசனத்துல. சிறையா போன ஜனங்களுக்கு எரேமியா எழுதின கடிதம் அது. அங்கயே வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்க, அந்த ஊரோட சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கன்னு எழுதறார். அதுக்கு முந்தின அதிகாரத்தையும் படிங்க. அங்க அனனியான்னு ஒருத்தன், ரெண்டே வருஷத்துல எல்லாம் சரியாயிடும்னு கர்த்தர் பேரால சொல்றான். ஜனங்களுக்கு யார் சொன்னது பிடிச்சிருக்கும்? நீங்களே யோசிங்க. கர்த்தர் அனனியாவை அனுப்பவே இல்ல.

அட்டை எடுக்கும்போது நமக்குப் பிடிச்சது மட்டும்தான் கைக்கு வருது. அதிகாரம்னா, நமக்குப் பிடிக்காததையும் அது சொல்லலாம், நாம கேக்கணும். பிசாசுக்கும் வசனம் தெரியும். மத்தேயு 4-ல 91-ஆம் சங்கீதத்தைச் சொல்லித்தான் ஆண்டவரைக் குதிக்கச் சொல்றான். சங்கீதத்துல "உன் வழிகளிலெல்லாம் உன்னைக் காக்கும்படி"ன்னு இருக்கு. அந்த இடத்தை விட்டுட்டுச் சொல்றான். ஆண்டவர் மூணு தடவையும் உபாகமத்துலேர்ந்து பதில் சொல்றார், 6-ஆம் அதிகாரம், 8-ஆம் அதிகாரம். அவர் தேவனுடைய குமாரன். அவரே "எழுதியிருக்கிறதே"ன்னு சொல்லி அதுக்குக் கீழ நின்னார். இதை நினைச்சா எனக்கு இன்னிக்கும் உடம்பு சிலிர்க்குது.

ஒரு விஷயம் சொல்றேன். எங்க அம்மா காசிமேட்டு ஏலத்துல மீன் எடுத்து, கூடையில வெச்சு வண்ணாரப்பேட்டைத் தெருவெல்லாம் வித்தவங்க. எழுதப் படிக்கத் தெரியாது. சாயங்காலம் நான்தான் வேதம் வாசிச்சுக் காட்டுவேன், எனக்கு அப்ப பத்து வயசு. நீதிமொழிகள் ஓடிட்டிருந்தது, நாளைக்கு ஒரு அதிகாரம். 11-ஆம் அதிகாரம் முதல் வசனம்: "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்." சுமுத்திரைன்னா சரியானதுன்னு அர்த்தம், அப்ப எனக்கு அது புரியல. நான் பாட்டுக்கு அடுத்த வசனத்துக்குப் போயிட்டேன். அம்மா, "நில்லு, அதை இன்னொரு வாட்டி படி"ன்னாங்க. படிச்சேன். ஒண்ணும் பேசல.

மறுநாள் விடியக்காலம், இருட்டு. முழிச்சுப் பார்த்தா அம்மா தராசைக் கவுத்து மடியில வெச்சுக்கிட்டு, தேங்கா நாரால தட்டோட அடியைச் சுரண்டறாங்க. புளி. மீன் வைக்கிற தட்டுக்கு அடியில ஒரு நெல்லிக்கா அளவு புளி ஒட்டியிருந்தது. காஞ்சு கறுப்பாயிருந்தது, நகத்தால பேத்து எடுத்தாங்க. எத்தனை நாளா இருந்துச்சோ தெரியாது. நான் கேக்கல, அவங்களும் சொல்லல.

அதுக்கப்புறம் வியாபாரம் பெருகிச்சுன்னு சாட்சி சொன்னா அது பொய். அந்த மாசம் வீட்டுல கஷ்டம்தான். சில நாள் ராத்திரி வெறும் கஞ்சி. ஆனா எங்க அம்மா திரும்ப ஒட்டல. வேதத்துக்கு அதிகாரம் இருக்குன்னு நான் முதல்ல பார்த்தது அங்கதான். பைபிள் காலேஜ் எல்லாம் பின்னாடி வந்தது.

அந்த வார்த்தை எங்க அம்மா காதுல தமிழ்ல விழுந்ததால தான் குத்திச்சு. ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் ஐயர் 1706-ல தரங்கம்பாடிக்கு வந்து, தமிழ் கத்துக்கிட்டு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-ல அச்சாகி முடிஞ்சது. பின்னாடி இன்னொரு ஜெர்மன் மிஷனரி பப்ரிசியஸ் ஐயர் நம்ம வேப்பேரியிலேர்ந்தே வேதத்தைத் தமிழ்ல மறுபடி மொழிபெயர்த்தார். கூடை சுமக்கிற அம்மாவுக்கும் தராசைப் பத்தி ஆண்டவர் பேசினா புரியணுமே, அதுக்குத்தான் அவ்வளவு பாடும்.

இப்ப உங்க விஷயத்துக்கு வரேன். கடனைப் பத்தி நேராவே இருக்கும்மா, நீதிமொழிகள் 22:7, "கடன் வாங்கினவன் கடன்கொடுத்தவனுக்கு அடிமை." தண்டல்காரர் வாசல்ல வந்து நிக்கும்போது அது எப்பேர்ப்பட்ட உண்மைன்னு உங்களுக்கே தெரியும். ஒரு தண்டலை அடைக்க இன்னொரு தண்டல் எடுக்காதீங்க. சபையில மூப்பர்கிட்ட வாயைத் திறந்து சொல்லுங்க, வெக்கப்படாதீங்க. போனைப் பத்தி வேதம் சொல்லல. ஆனா வீட்டுல உட்காரும்போதும் படுக்கும்போதும் பிள்ளைங்களோட பேசுன்னு உபாகமம் 6:7 சொல்லுது. பையன்கிட்ட போனைப் பிடுங்கறதுக்கு முன்னாடி, அவன் பக்கத்துல போய்க் கொஞ்ச நேரம் உட்காருங்க.

அக்கா விஷயத்தைக் கடைசியில எழுதியிருக்கீங்க. அதுக்கு வசனம் இல்லேன்னு மட்டும் சொல்லாதீங்க. மத்தேயு 5:23, 24. காணிக்கை செலுத்த வந்த இடத்துல, "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" நினைவு வந்தா, காணிக்கையை அங்கயே வெச்சுட்டுப் போன்னு ஆண்டவர் சொல்றார். நல்லா கவனிங்க, உனக்கு அவன்மேல குறை இருந்தான்னு சொல்லல. அவனுக்கு உன்மேல குறை இருந்தா. நியாயம் யார் பக்கம்னும் கேக்கல. செயின் யாருக்குச் சேரணும்னு எனக்குத் தெரியாது, அதை நீங்க ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசுங்க. ஆனா போக வேண்டியது நீங்கதான்.

தண்டையார்பேட்டைல மெட்ரோ ஏறினா திருவொற்றியூர் தேரடி எவ்வளவு தூரம்மா? இந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன்னாடி போயிட்டு வாங்க. போகும்போது அட்டை எடுக்க வேணாம், இந்த ரெண்டு வசனத்தைப் படிச்சுட்டுப் போங்க. அக்கா கதவைத் திறக்கலேன்னா எனக்கு எழுதுங்க, நானும் பாஸ்டரம்மாவும் உங்ககூட வர்றோம்.