எத்தனை அண்டா கூழ்?

எல்லோருக்கும் வணக்கம். மேடையில் இருக்கும் பெரியவர்களே, தமிழ்ப் பள்ளி ஆசிரியைகளே, இந்த மழையிலும் நம் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தின் எல்லா மூலையில் இருந்தும் வந்திருக்கும் அக்காமார்களே, அண்ணன்மார்களே.

தென்னாப்பிரிக்காவில் நம் குவாசூலு நடால் மாகாண அரசின் பட்ஜெட்டைப் பற்றிக் கோயில் மண்டபத்தில் எதற்குப் பேச்சு என்று வாசலில் ஒரு தம்பி கேட்டார். அவருக்காக இதே மண்டபத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கோயிலின் வருடாந்தரக் கூட்டம். பொருளாளர் கணக்கு வாசித்தார். மாரியம்மன் கூழ் பூசைக்கு ஒதுக்கிய பணம் முழுவதும் செலவாகிவிட்டது, ரசீது எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்றார். கை தட்டிவிட்டு டீ குடிக்கப் போக இருந்தோம். பின் வரிசையில் ஒரு ஆயா எழுந்து நின்றார். "கூழுக்கு மீலி மாவு, அந்த மக்காச்சோள மாவு, எத்தனை மூட்டை வந்துச்சு? எத்தனை அண்டா கூழ் காய்ச்சினீங்க? நான் வரிசையில நின்னேன். பன்னிரண்டு மணிக்கே தீர்ந்துபோச்சுன்னு சொன்னீங்களே?"

பொருளாளர் நேர்மையான மனிதர். மறுநாளே பில்லையும் சமையல்காரர் எழுதி வைத்திருந்த நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பில் போட்டதில் நாலு மூட்டை வந்து சேரவே இல்லை.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று நம் வீட்டில் சொல்லித்தான் வளர்த்தார்கள். ஆயா அளந்தார். வரிசையில் நின்றவர் என்பதால் அவரால் அளக்க முடிந்தது.

இப்போது நம் மாகாணத் தலைநகரான மாரிட்ஸ்பர்க்குக்குப் போவோம். அங்கே நம் குவாசூலு நடால் சட்டமன்றத்தில் 80 உறுப்பினர்கள். அவர்கள் கையால் ஒப்புதல் பெறும் பணம் ஆண்டுக்கு 14,000 கோடி ராண்டுக்கு மேல். அதில் முக்கால் பங்குக்கு மேல் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிறது. கார் லைசென்ஸ் மாதிரி மாகாணம் தானே வசூலிப்பது மிகக் கொஞ்சம்; மற்றதெல்லாம் நாடு முழுவதும் திரட்டிய வரியில் இருந்து வருகிறது. நீங்கள் சோப்பு வாங்கும்போது கொடுக்கும் 15 சதவீத வாட் வரியும் அதில் சேர்த்தி. பென்ஷன் வாங்கும் பாட்டியும் அந்தப் பணத்தில் பங்கு போட்டவர்தான்.

மார்ச் மாதம் மாகாண நிதி அமைச்சர் பட்ஜெட் வாசிக்கும்போது கேமரா வருகிறது, பத்திரிகை எழுதுகிறது. செலவு செய்த பிறகு, அந்தப் பணம் என்ன ஆனது என்று சட்டமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு உட்கார்ந்து கேட்கிற நாளில் பொதுமக்களுக்கான நாற்காலிகள் காலியாக இருக்கின்றன. நான் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். ஒரு தடவை என்னையும் ஒரு பத்திரிகைக்காரப் பெண்ணையும் தவிர வேறு யாரும் இல்லை.

குழு எப்படி வேலை செய்கிறது? நிதியாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. துறைகள் மே மாத முடிவுக்குள் கணக்கைத் தலைமைத் தணிக்கையாளரிடம் கொடுக்க வேண்டும். ஜூலை முடிவுக்குள் அவர் அறிக்கை தருகிறார். செப்டம்பருக்குள் ஆண்டறிக்கை சட்டமன்றத்துக்கு வருகிறது. அதற்குப் பிறகுதான் குழு துறைத் தலைவரைக் கூப்பிட்டுக் கேட்கிறது. ஒரு ஏப்ரலில் செய்த செலவுக்குக் கேள்வி வர ஒன்றரை வருஷம் ஆகிவிடுகிறது. அதற்குள் அதிகாரி மாறியிருப்பார், சில சமயம் அமைச்சரும் மாறியிருப்பார்.

கேள்விக்கு மூன்று தலைப்பு உண்டு. சட்டமன்றம் அனுமதித்த தொகையை மீறியோ வேறு வேலைக்கோ செலவழித்தது ஒன்று. டெண்டர் விதி போன்ற சட்டங்களை மீறிச் செலவழித்தது இன்னொன்று. இதெல்லாம் திருட்டு என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது, விதியை மீறி வாங்கிய மருந்தும் நோயாளிக்குப் போயிருக்கலாம். மூன்றாவது வீண் செலவு: பில்லை நேரத்துக்குக் கட்டாமல் வட்டி கட்டுவது மாதிரி. சரி. இந்த மூன்றிலும் மாட்டாமல் நழுவிப் போகும் ஒன்று இருக்கிறது. அதை நான் என் கையாலேயே செய்திருக்கிறேன்.

ஒரு அரசு ஆஸ்பத்திரி ஸ்டோரில் பல வருஷம் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம். மார்ச் கடைசி வாரம். மாதம் முடிந்தால் செலவாகாத பணம் திரும்பிப் போய்விடும். மேலதிகாரி ஒரு இன்வாய்ஸைக் கொண்டுவந்தார். 300 கம்பளி. "சரக்கு வழியில வந்துட்டிருக்கு, நீங்க வாங்கினதா எழுதிடுங்க." ஸ்டாக் கார்டு என்பது ஒரு மஞ்சள் அட்டை. தேதி, வரவு, செலவு, இருப்பு என்று நாலு கட்டம். வரவுக் கட்டத்தில் நீலப் பேனாவால் 300 என்று எழுதினேன். எனக்குப் பின்னால் அலமாரி காலியாக இருந்தது.

ஜூன் வந்தது, நம் ஊர்க் குளிர்காலம் வந்தது. வார்டில் நோயாளிகளின் பிள்ளைகள் வீட்டில் இருந்து போர்வை எடுத்து வந்தார்கள். வீடு தூரமாக இருந்தவர்களுக்கு ஒன்றும் இல்லை. காலில் துண்டைச் சுற்றிக்கொண்டு படுத்திருந்த ஒரு கிழவர் என் கண்ணிலேயே நிற்கிறார். கம்பளி ஆகஸ்ட் நடுவில் வந்தது. எண்ணினேன், 260. ஆனால் கணக்கில் பணம் மார்ச்சிலேயே நூறு சதவீதம் செலவாகியிருந்தது. தணிக்கைக்கு வந்தவர்கள் இன்வாய்ஸைப் பார்த்தார்கள், அட்டையைப் பார்த்தார்கள், கையெழுத்தைப் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. கையெழுத்து என்னுடையது. அதைச் சொல்லாமல் இந்த மேடையில் பேச எனக்கு உரிமை இல்லை. அடுத்த மார்ச்சில் மறுத்தேன். வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள்.

கம்பளி வார்டுக்கு எந்த மாதம் வந்தது என்று குழுவில் ஒரே ஒருவர் கேட்டிருந்தால் போதும். அவர்களுக்கு எப்படித் தெரியும்? அந்த வார்டின் நர்ஸுக்குத் தெரியும். ஆனால் நர்ஸ் அந்த அறையில் இல்லை.

2023 ஏப்ரல் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இந்த மாகாணத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பள்ளியில் சாப்பிடுகிறார்கள். அந்தச் சாப்பாட்டுக்குச் சாமான் தர பல சின்னச் சின்ன விநியோகஸ்தர்கள் செய்த வேலையை ஒரே நிறுவனத்திடம் கொடுத்தார்கள். பள்ளி திறந்தபோது பல பள்ளிகளுக்குச் சாமான் வரவில்லை. பிள்ளைகள் வெறும் வயிற்றோடு உட்கார்ந்தார்கள். அது சமையல்காரப் பெண்களுக்கு முதல் நாள் காலை பத்து மணிக்கே தெரியும். வழக்கமான தணிக்கை அந்த ஆண்டுக் கணக்கை முடித்து அறிக்கை தரும்போது அடுத்த வருஷம் ஜூலை ஆகிவிடும். அன்றைக்குப் பசித்த பிள்ளை அதற்குள் ஒரு வகுப்பு மேலே போயிருக்கும்.

முன்கூட்டியே கேட்க முடியும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நம் மாகாணத்தில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். அப்போது தலைமைத் தணிக்கையாளர் சகானி மலுலேகே ஆண்டு முடிவுக்குக் காத்திருக்கவில்லை. நிவாரணப் பணம் செலவாகிக்கொண்டிருக்கும்போதே தணிக்கை செய்து, அதே ஆகஸ்டில் முதல் அறிக்கையைத் தந்தார். நிவாரணம் மெதுவாகப் போகிறது என்று அப்போதே சொன்னார். தண்ணீருக்கு மாதக்கணக்கில் வரிசையில் நின்ற டொங்காட் மக்களுக்கு அது புதுச் செய்தி இல்லை. ஆனால் எழுத்தில் வந்தால்தான் குழுவால் அதைப் பிடித்துக்கொண்டு கேட்க முடியும்.

பயம் இருக்கிறது, தெரியும். ஜோகன்னஸ்பர்க் இருக்கும் கௌடெங் மாகாணத்தின் சுகாதாரத் துறையில் பபிதா தியோகரன் என்ற நிதி அதிகாரி டெம்பிசா ஆஸ்பத்திரிக்குப் போன பணத்தைக் குறித்துக் கேள்வி எழுப்பினார். 2021 ஆகஸ்ட் 23 அன்று, மகளைப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பியவரை வீட்டு வாசலில் சுட்டுக் கொன்றார்கள். சுட்ட கும்பலைச் சேர்ந்த ஆறு பேருக்கு 2023இல் தண்டனை கிடைத்தது. அந்தப் பெண் தனியாகக் கேட்டார். அதனால்தான் நான் உங்களைத் தனித்தனியாகப் போகச் சொல்லவில்லை. அரசியலமைப்பின் 118ஆம் பிரிவு சட்டமன்றக் குழுக்களின் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்கிறது. 115ஆம் பிரிவு யாரையும் சாட்சி சொல்ல வரவழைக்கும் அதிகாரத்தைச் சட்டமன்றத்துக்கும் அதன் குழுக்களுக்கும் கொடுத்திருக்கிறது. நாம் இருபது பேர் எதிரே உட்கார்ந்திருந்தால், கேட்பவரும் பதில் சொல்பவரும் காகிதத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

இந்த மண்டபத்தில் நர்ஸ்கள் இருக்கிறீர்கள், ஆசிரியைகள் இருக்கிறீர்கள், பள்ளியில் சமைக்கும் அக்காக்கள் இருக்கிறீர்கள். வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். வந்தது எது, வராதது எது, எந்த மாதம் வந்தது என்று எழுதுங்கள். உங்கள் பெயர் வேண்டாம், தேதி வேண்டும். எழுதுவதை உறுப்பினர்களுக்கு முன்கூட்டியே அனுப்பிவிடுவோம். அப்புறம், குழுக் கூட்டத்துக்குப் போக வரும் செவ்வாய் காலை ஏழு மணிக்குக் கோயில் வாசலில் இருந்து வேன் கிளம்புகிறது. மாரிட்ஸ்பர்க்கில் உள்ளே விட அடையாள அட்டை கேட்பார்கள், மறக்காமல் எடுத்து வாருங்கள். அந்த ஆயாவுக்கு முன் சீட்டில் இடம் போட்டாகிவிட்டது.