எரித்த சாசனமும் எரியாத பிரதியும்

அவைத் தலைவர் அவர்களே, வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, பொன்னாடை போர்த்திய புலவர் ஐயா அவர்களே, பின்வரிசை வரை நிறைந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

அயர்லாந்தின் டப்ளின் நகரப் பேராயர் ஹென்றியின் கோட்டை, சாசனம் ஆகிய இரண்டையும் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இங்கிலாந்தின் ஜான் மன்னரின் ஊழியராக வளர்ந்தவர். 1213-ல் பேராயர், அதே ஆண்டில் அயர்லாந்தின் ஜஸ்டிஷியர். அதாவது, மன்னருக்குப் பதிலாக இருந்து படை, நீதி, வரவு செலவு எல்லாம் நடத்துபவர். 1204-ல் ஜான் கட்டச் சொன்ன டப்ளின் கோட்டையை எழுப்பியதில் பெரும்பங்கு இவருடையது. கஜானாவுக்கும் நகருக்கும் காவலாகத்தான் அந்தக் கோட்டை. மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய 1215 மாக்னா கார்ட்டா சாசனத்தில் கேன்டர்பரி பேராயருக்கு அடுத்த பெயரும் இவருடையதே.

எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா என்பார்கள். எழுதியதை எரித்துவிட்டால்?

பிற்கால வரலாற்றேடுகள் சொல்லும் கதையைக் கேளுங்கள். "எந்த உரிமையில் நிலம் வைத்திருக்கிறீர்கள்? சாசனத்தோடு வாருங்கள்" என்று பேராயர் தம் குடியானவர்களை அழைத்தார். நம்பி வந்தார்கள். தோல் சுருள்களை நீட்டினார்கள். படிக்கத்தான் வாங்குகிறார் என்று நினைத்தார்கள். வாங்கியவர் அத்தனையையும் நெருப்பில் போட்டார்! பாட்டன் காலத்து முத்திரை மெழுகு கண்ணெதிரே உருகியது. ஜனம் கொதித்தது; பேராயர் தப்பி ஓடினார். 'ஸ்கார்ச்வில்லன்', குடியானவனைப் பொசுக்கியவர் என்ற பட்டம் மட்டும் நிலைத்துவிட்டது.

ஐயா, இதற்கு மருந்து அந்தக் காலத்திலேயே இருந்தது. ஒரே தோலில் ஒரே வாசகத்தை மூன்று முறை எழுதுவார்கள்: இரண்டு பக்கம் பக்கமாக, மூன்றாவது அடியில். இடைவெளியில் 'சைரோகிராஃபம்' என்று எழுதி, அந்த எழுத்துகளின் ஊடே நெளிநெளியாக வெட்டுவார்கள். ஒப்பந்தக்காரர் இருவருக்கும் ஆளுக்கொன்று; அடித்துண்டு அரசிடம். வழக்கு வந்தால் வெட்டு வாய்கள் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் போலி.

1922 ஜூன் 30 அன்று டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்திலிருந்த ஆவணக் காப்பகம் எரிந்தது. ஏழு நூற்றாண்டுப் பதிவுகள்! அயர்லாந்துக்கான மாக்னா கார்ட்டாவைத் தாங்கிய கருவூலச் செந்நூல் என்ற பழைய பதிவேடும் போயிற்று. முன்பே அச்சேறியதால் வாசகம் பிழைத்தது. லண்டனுக்குத் தணிக்கைக்குப் போன கணக்குச் சுருள்களும் இன்று அங்கே கியூ என்ற இடத்திலுள்ள தேசியக் காப்பகத்தில் பிழைத்திருக்கின்றன.

எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா? ஒரே இடத்தில் வைத்த எழுத்துக்கும் அதே கதிதான். செயலாளர் அவர்களே, வட்டத்தின் பதிவேடுகளைப் பின்பக்கக் குறிப்பு, முத்திரை உட்பட ஸ்கேன் எடுங்கள். அந்தப் பிரதியை இதே பீரோவில் வைக்காதீர்கள். வேறு தெருவில், வேறு கட்டடத்தில் வையுங்கள். நன்றி, வணக்கம்.