சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடம்

எல்லாருக்கும் வணக்கம். மதுரையில் நின்று பேசுகிறேன், அதனால் நம்ம ஊர்த் தெருக்களிலிருந்தே தொடங்குகிறேன். கோயிலை நடுவில் வைத்து சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று ஒன்றைச் சுற்றி ஒன்று, இடையில் குறுக்கும் நெடுக்குமாகச் சந்துகள். மாசி வீதியில் தேர் வருகிற அன்றைக்கு வழி அடைபட்டால் நாம் திகைத்தா நிற்கிறோம்? ஒரு சந்தில் புகுந்து இன்னொன்றில் வெளியே வந்துவிடுவோம்.

இந்த வெளி வீதி இருக்கிற இடத்தில் ஒரு காலத்தில் கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. 19ஆம் நூற்றாண்டில் கலெக்டர் பிளாக்பர்ன் சுவரை இடிக்கவைத்து அகழியைத் தூர்த்தார். அந்த வேலையில் நின்றவர்கள் பெயரில்தான் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் இருக்கின்றன. அன்றைக்கு ஊர் பெருத்தபோது சுவரை எடுத்தார்கள், இன்றைக்கு ஊர் பெருக்கப் பெருக்க நாம் சுவர் எழுப்பிக்கொண்டிருக்கிறோம், எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

புறநகரில் மனை போடுகிறவர் தன் நிலத்துக்குள் மட்டும் தெரு வரைகிறார். மெயின் ரோட்டிலிருந்து ஒரு வழி உள்ளே போகும், கடைசி மனையோடு நின்றுவிடும். பக்கத்து நிலத்துக்காரரும் அப்படியே செய்கிறார். மேலிருந்து பார்த்தால் சீப்புப் பல் மாதிரி இருக்கும், ஒரு பல்லிலிருந்து அடுத்த பல்லுக்குப் போக வழியே கிடையாது, எல்லா வண்டியும் மெயின் ரோட்டில்தான் வந்து விழ வேண்டும்.

என் சொந்தக்காரர் தெருவில் நானே பார்த்தேன். தெருமுனையில் ஹாலோபிளாக் சுவர், அதற்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடம், பிரேயர் மணி அடிப்பது வீட்டுத் திண்ணையில் கேட்கிறது. ஆனால் பிள்ளையைக் கொண்டுபோய் விட மெயின் ரோட்டைச் சுற்றிக்கொண்டு, லாரிகளுக்கு நடுவே யூ டர்ன் போட்டு வர வேண்டும். பிள்ளைகள் கீழே இரண்டு கல்லைப் பெயர்த்து, முதலில் பையைத் தள்ளி, அப்புறம் தாங்களும் நுழைந்து போனார்கள். அடுத்த மாதம் போனபோது பூசிவிட்டிருந்தார்கள், மேலே கண்ணாடிச் சில்லு வேறு.

ஒரு ஊரின் இணைப்பை அளப்பது பெரிய வித்தை இல்லை. சந்திப்புகளை எண்ணுங்கள், நாற்சந்தி எத்தனை, முச்சந்தி எத்தனை, முட்டுச் சந்து எத்தனை. நாற்சந்தி கூடினால் ஊர் இணைந்திருக்கிறது, முட்டுச் சந்து கூடினால் துண்டுபட்டிருக்கிறது. பாரிங்டன்-லீ, மில்லார்ட்-பால் என்ற இருவர் அமெரிக்கத் தெருக்களை இப்படி ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டார்கள். அங்கே புதிதாகப் போட்ட தெருக்கள் பத்தாண்டு பத்தாண்டாகத் துண்டுபட்டுக்கொண்டே போய், 1994 வாக்கில் உச்சம் தொட்டு, பிறகு மெல்லத் திரும்பியிருக்கின்றன. அதாவது திருப்ப முடியும். ஆனால் போட்டு முடித்த தெருவைத் திருப்புவது மகா கஷ்டம், வீடு பழசானால் இடித்துக் கட்டுவோம், தெரு அப்படியேதான் கிடக்கும்.

முட்டுச் சந்து என்றால் வண்டி வராது, பிள்ளைகள் விளையாடலாம் என்று சிலர் சொல்வதும் நியாயம்தான். சரி, கார் வர வேண்டாம். நடுவில் ஒரு கல் நட்டு, சைக்கிளும் ஆளும் போக ஆறடி விடுங்கள். அடுத்த முறை மனை பார்க்கப் போகும்போது விலையைக் கேட்பதற்கு முன்னால் தெருவின் கடைசி வரை நடந்து போய், இது எங்கே போய்ச் சேருகிறது என்று கேளுங்கள்.