கால் கணக்கு

இளம் நண்பர்களே, வணக்கம்.

குதிரையைக் கண்காட்சிக் களத்தில் நடத்திக் காட்ட ஆசைப்படுகிறவர்களும், அதைப் படம் பிடிக்க ஆசைப்படுகிறவர்களும் இங்கே கலந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். இரு சாராருக்கும் பாடம் ஒன்றுதான்: இந்தக் கணத்தில் எந்தக் கால் எங்கே இருக்கிறது?

நாலுகால் பாய்ச்சலில் ஓடும் குதிரை முன்னங்கால்களை முன்னேயும் பின்னங்கால்களைப் பின்னேயும் நீட்டிப் பறப்பதாகத்தான் ஓவியர்கள் வெகுகாலம் வரைந்தார்கள். 1878இல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் எட்வர்ட் மைப்ரிட்ஜ் ஓடுபாதை ஓரம் கேமராக்களை வரிசையாக நிறுத்திப் படமெடுத்தார். நான்கு குளம்பும் தரையை விட்டு எழுவது உண்மைதான். ஆனால் அப்போது கால்கள் வயிற்றுக்கு அடியில் மடங்கிக் குவிந்திருந்தன. வெறுங்கண் ஏமாறும் இடம் அது. அதனால்தான் எண்ணிப் பழகச் சொல்கிறேன். நடைக்கு நான்கு தட்டு, அதாவது குளம்பு தரையில் விழும் ஓசை. டிராட் எனும் துள்ளோட்டத்துக்கு இரண்டு, மூலைக்கு மூலை கால்கள் (ஒரு பக்க முன்னங்காலும் மறுபக்கப் பின்னங்காலும்) சேர்ந்து விழும். நாலுகால் பாய்ச்சலைவிட மெதுவான கேன்டர் ஓட்டத்துக்கு மூன்று, பிறகு ஒரு மௌனம். கண்ணை மூடிக்கொண்டு காதால் எண்ணுங்கள்.

களத்துக்குத் தயார் செய்வதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரப்பர் சீப்பால் வட்டமாகத் தேய்த்து அழுக்கைக் கிளப்புங்கள். முரட்டுப் பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். மென்பிரஷ்ஷால் முடியின் போக்கிலேயே இழுங்கள். ரோமம் மினுங்குவது தோலின் எண்ணெயால். அடிக்கடி ஷாம்பு போட்டால் அந்த எண்ணெய் போய்விடும். மினுமினுப்பு ஸ்ப்ரேயைச் சேணம் உட்காரும் இடத்தில் அடிக்காதீர்கள், சேணம் வழுக்கும். முகவாயைச் சுற்றியுள்ள உணர்முடிகளை மழிக்காதீர்கள். சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் போட்டிகளில் 2021 ஜூலை முதல் அதற்குத் தடை. தடை இல்லாத இடத்திலும் வேண்டாம். மூக்குக்கு நேர் கீழே இருப்பதைக் குதிரையால் பார்க்க முடியாது, தொட்டுத்தான் அறிகிறது.

நடத்திக் காட்டும்போது குதிரையின் இடது தோளோடு நில்லுங்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. திரும்பும்போது குதிரையை உங்களிடமிருந்து விலக்கி, வலப்புறமாகத் திருப்புங்கள். உங்கள் காலை மிதிக்காது, நடுவருக்கும் குதிரை மறையாது. ஓடும்போது திரும்பி அதன் முகத்தைப் பார்த்தால் அது தயங்கி நின்றுவிடும். பார்வை போகும் திசையில் இருக்கட்டும்.

இனி கேமரா. நிற்கும் குதிரையைப் படமெடுக்கையில் பெரும்பாலோர் செய்யும் தவறு, கைப்பேசியோடு அருகில் போய் நிற்பது. அகலக் கோணத்தில் தலை பூசணியாகப் பருக்கும், பின்புறம் சிறுத்துப்போகும். முழுக் குதிரையும் படத்தில் அடங்கும் அளவுக்குத் தள்ளி நின்று 135 முதல் 200 மில்லிமீட்டர் லென்ஸைப் பயன்படுத்துங்கள். முழங்காலை மடக்கிக் கேமராவை வயிற்றின் நடு உயரத்துக்கு இறக்குங்கள். நின்றபடி எடுத்தால் கால்கள் குட்டையாகும். கேமராப் பக்கத்துக் கால்கள் சற்று அகன்றும், மறுபக்கத்துக் கால்கள் சற்று உள்ளேயும் இருந்தால் நான்கும் தெரியும். காதுகள் முன்னோக்கி நிமிரும்வரை காத்திருங்கள்.

ஓட்டத்துக்கு ஷட்டர் 1/1000 விநாடி அல்லது அதைவிட வேகம், நகரும் குதிரையை விடாமல் பின்தொடரும் தொடர் ஃபோகஸ். விநாடிக்குப் பத்துப் படம் எடுக்கும் கேமராவானாலும் டிராட்டின் ஒரு முழுச் சுற்றுக்கு ஏழெட்டுப் படம்தான் கிடைக்கும். நல்ல கணம் அவற்றின் இடையில் நழுவிவிடும். ஆகவே அரைத் தட்டு முன்னதாகவே அழுத்துங்கள். டிராட்டில் முன்னங்கால் முழுதாக நீண்டு, தரையைத் தொடுவதற்குச் சற்று முன். கேன்டரில் முன்னுடல் உயரும்போது. கேன்டரின் மூன்றாவது தட்டில் பாரமெல்லாம் ஒற்றை முன்னங்காலில் இறங்கும். எவ்வளவு அருமையான குதிரையும் அங்கே பள்ளத்தில் சரிவதுபோலத்தான் தெரியும்.

கறுப்புக் குதிரை படச் சட்டத்தை நிறைத்தால் கேமரா அதைச் சாம்பலாக்கப் பார்க்கும். கேமராவின் வெளிச்ச அளவை (எக்ஸ்போஷர்) முக்கால் ஸ்டாப் குறையுங்கள். வெள்ளைக் குதிரைக்கு அதே அளவு கூட்டுங்கள். ஃப்ளாஷ் கூடவே கூடாது. குதிரை மிரண்டால் விழுவது மேலே இருப்பவர்.

வாய் பிளந்து, கடிவாளம் விறைத்து வந்த படங்களை யாருக்கும் அனுப்பாதீர்கள், அழிக்கவும் அழிக்காதீர்கள். சவாரி செய்தவரிடம் தனியே காட்டுங்கள். கை எந்தத் தட்டில் இறுகுகிறது என்பதை அவர் அங்கேதான் பார்ப்பார்.