கறிக்குப் போடுற பட்டை: உடைச்சுப் பார்த்து வாங்குங்க

(காட்சி: உள்ளங்கையில் ரெண்டு பட்டைத் துண்டு)

இது ரெண்டும் மலேசியாவுல, சுங்கை சிப்புட் டவுன்ல வாங்கினது. ஒண்ணு தடியா, கறுஞ்சிவப்பா, ரெண்டு ஓரமும் உள்பக்கமா சுருண்டிருக்கு. இது காசியா. சீனா, வியட்நாம், சுமத்ரா பக்கத்துச் சரக்கு. இன்னொண்ணு வெளிறின பழுப்பு. உள்ளே எட்டிப் பாருங்க, தாள் மாதிரி மெல்லிசா அடுக்கடுக்கா இருக்கு. இது இலங்கைப் பட்டை, அங்கே கறுவான்னு சொல்வாங்க. மலாய்ல ரெண்டுக்கும் ஒரே பேர்தான்: காயு மானிஸ்.

(காட்சி: பால்மரத்தில் பழைய வெட்டுத் தழும்பு)

எங்க பாட்டி எஸ்டேட்ல பால்மரம், அதான் ரப்பர் மரம், சீவினவங்க. உளி கொஞ்சம் ஆழமா இறங்கினா மரத்துக்குக் காயம், பாட்டிக்குக் கங்காணிகிட்ட ஏச்சு. கறுவாவுல கதை தலைகீழ். ரெண்டு வருஷக் கிளையை அப்படியே வெட்டிடுவாங்க. மேல்தோலைச் சுரண்டி எறிஞ்சிட்டு, பித்தளைக் கம்பியால அழுத்தித் தேய்ச்சா உள்பட்டை இளகிடும். அதைக் கத்தியால முழுசா உரிச்சு, ஒண்ணுக்குள்ள ஒண்ணு செருகி நிழல்ல காய வைக்கிறாங்க. அந்த அடுக்கு அப்படித்தான் வந்தது. வெட்டின அடிக்கட்டை? அது மறுபடி துளிர்க்கும். இந்தப் பட்டைக்காகத்தான் போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் இலங்கைக் கரையில மல்லுக்கட்டினாங்க. 1658ல டச்சுக்காரர் கை ஓங்கிடுச்சு.

(காட்சி: சட்டியில் எண்ணெய், பட்டை பொரிகிறது)

வாசத்துக்குக் காரணம் சின்னமால்டிஹைடுங்கிற பொருள். அது எண்ணெயில நல்லா கரையும். அதனாலதான் வெங்காயத்துக்கு முன்னாடியே பட்டையைத் தாளிக்கிறோம். ஆட்டுக்கறிக்கு எனக்குக் காசியாதான் பிடிக்கும்; நேரம் போகக் கொதிச்சாலும் காரம் விடாது. கறுவா சாதுவானது, தேத்தண்ணியில போடுங்க.

சர்க்கரை நோய்க்கு நல்லதுன்னு தினமும் பட்டைத்தூள் கலக்கிக் குடிக்கிறவங்க இதைக் கவனிங்க. காசியாவுல கூமரின் இருக்கு, அளவு மிஞ்சினா சிலருக்கு ஈரலைப் பாதிக்கும். உடல் எடையில ஒரு கிலோவுக்கு, நாளைக்கு 0.1 மில்லிகிராம் வரைக்கும் பரவாயில்லைன்னு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு சொல்லுது. 60 கிலோ ஆளுக்கு 6 மில்லிகிராம். தினமும் ஒரு தேக்கரண்டி காசியாத்தூள்னா அதைச் சுலபமா தாண்டிடலாம். கறுவாவுல கூமரின் ரொம்பவே சொற்பம். குழம்புல ஒரு துண்டு போட்டு எடுத்து வைக்கிறவங்க பயப்பட வேண்டாம். மருந்து சாப்பிடுறவங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.

தூளா அரைச்சு பாக்கெட்ல போட்டுட்டா எது எதுன்னு கண்ணால சொல்ல முடியாது. முழுப் பட்டையா வாங்கி, ரெண்டு விரலால அழுத்துங்க. காசியா அசையாது, அம்மிக்குழவி கேக்கும். கறுவா இப்படி...

(சத்தம்: சடக்)