மந்திரி சொன்னாரா, எழுதினாரா?

[திரையில்: கட்டு கட்டா பழைய ஃபைல்]

வணக்கம் மக்களே. மந்திரி பெருசா, அவரு துறையோட தலைமை அதிகாரியான செகரட்டரி பெருசா? புத்தகத்துல இதுக்கு பதில் ஈஸி, மந்திரி கொள்கைய முடிவு பண்ணுவாரு, அதிகாரி அதோட நல்லது கெட்டத பயப்படாம எழுதி வைப்பாரு, முடிவு வந்தப்புறம் தனக்கு பிடிக்கலன்னாலும் செஞ்சு முடிப்பாரு. நிஜத்துல சண்டை வர்றது வாயால மட்டும் சொன்ன விஷயத்துலதான். அதுக்கு முந்த்ரா விவகாரத்த விட நல்ல கேஸ் எனக்கு தெரிஞ்சு இல்ல.

1957 ஜூன். எல்ஐசி ஆரம்பிச்சு ஒரு வருஷம்கூட ஆகல. ஹரிதாஸ் முந்த்ரான்னு கல்கத்தா தொழிலதிபர், பணமுடையில திணறிட்டு இருந்தவரு, அவரோட 6 கம்பெனி ஷேர எல்ஐசி சுமார் ஒன்னேகால் கோடிக்கு வாங்குது, அந்த காலத்து ஒன்னேகால் கோடி, எல்லாம் பாலிசி கட்டின ஜனங்க காசு, இதுல முதலீட்டு கமிட்டின்னு ஒன்னு இருந்தும் அத கேக்காமலே வாங்கிட்டாங்க. டிசம்பர்ல லோக்சபால ஃபெரோஸ் காந்தி இத எடுத்து கிழிச்சு தொங்கவிட்டாரு. அவரு ஆளுங்கட்சி எம்பி, போதாக்குறைக்கு நேருவோட மருமகன்!

உடனே நீதிபதி சாக்ளா தலைமையில விசாரணை கமிஷன். பம்பாய்ல ஓப்பனா நடந்துச்சு, உள்ள இடம் பத்தாம வெளிய ஸ்பீக்கர் கட்டி ஜனங்க கேட்டாங்க.

[திரையில்: இந்தப் பக்கம் மந்திரி, அந்தப் பக்கம் செகரட்டரி]

நிதியமைச்சர் யாருன்னா நம்ம டி.டி.கிருஷ்ணமாச்சாரி. நிதித்துறை செயலாளர், அதாவது செகரட்டரி, எச்.எம்.படேல், பழைய ஐசிஎஸ், வெள்ளைக்காரன் காலத்து ஐஏஎஸ் மாதிரி. படேல் சொல்றாரு, மந்திரிகிட்ட பேசிட்டுதான் எல்ஐசிய அந்த ஷேர வாங்க சொன்னேன்னு. டிடிகே சொல்றாரு, நான் சரின்னு சொல்லவே இல்லன்னு. சாக்ளா என்ன சொன்னாருன்னா, செகரட்டரி செஞ்சதுக்கு மந்திரிதான் பொறுப்பு, கீழ இருக்கறவரு செஞ்சாரு எனக்கு தெரியாதுன்னு ஒதுங்க முடியாது. 1958 பிப்ரவரியில டிடிகே ராஜினாமா.

எனக்கு இதுல பாதி சம்மதம்தான். மந்திரி பொறுப்பு, ஓகே, ஆனா வாய்வார்த்தைய நம்பி அடுத்தவன் காச எடுத்து போட்ட அதிகாரி என்ன, போஸ்ட்மேனா?

சரி, இப்ப மட்டும் என்ன வாழுது. வாயால வந்த உத்தரவ சீக்கிரமே எழுத்துல வாங்கிக்கணும்னு ஐஏஎஸ், ஐபிஎஸ்க்கான 1968 நடத்தை விதியிலயே இருக்கு. யாரு கேட்டா? கடைசில ரிட்டயர்ட் அதிகாரிங்க 83 பேர் சுப்ரீம் கோர்ட்டுக்கு போயி, 2013 அக்டோபர் 31 தீர்ப்புல கோர்ட்டும் அதையே சொல்லுச்சு, கூடவே ஒரு போஸ்ட்ல குறைஞ்சபட்ச காலம் வெச்சே ஆகணும்னும் சொல்லுச்சு. ஏன்னா மந்திரி கையில இருக்கற ஆயுதம் டிரான்ஸ்ஃபர். "சார், எழுதி குடுங்க"ன்னு கேட்டவரு அடுத்த வாரம் எந்த ஆபீஸ்ல இருப்பாருன்னு அவருக்கே தெரியாது. அதிகாரிங்களும் சும்மா இல்ல, பிடிக்காத திட்டம்னா நேரா முடியாதுன்னு சொல்ல மாட்டாங்க, ஃபைல்ல ஒரு கேள்விய போட்டு திருப்பி அனுப்புவாங்க, பதில் வந்தா இன்னொரு கேள்வி, அப்டியே ஆட்சியே முடிஞ்சிரும்.

[திரையில்: காலி நாற்காலி]

ஆமா, அந்த ரெண்டு பேரும் என்ன ஆனாங்க? டிடிகே 1963-ல மறுபடியும் நிதியமைச்சர் ஆயிட்டாரு. படேல் வேலைய விட்டு அரசியலுக்கு வந்து, 1977-ல மொரார்ஜி தேசாய் ஆட்சியில உக்காந்தது எங்க தெரியுமா, அதே நிதியமைச்சர் நாற்காலியில.