153 மீன்கள்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

இயேசு உயிர்த்தெழுந்ததைக் கொண்டாடும் ஈஸ்டர் என்னும் உயிர்ப்புப் பெருவிழாவைச் சின்னஞ்சிறு பள்ளிப் பிள்ளைகளோடு எப்படிக் கொண்டாடலாம் என்று பேசுவதற்காக, முதல் இரண்டு வகுப்புகளுக்குப் பாடம் நடத்தும் ஆசிரியை என்ற முறையில் என்னை அழைத்திருக்கிறார்கள். கிறிஸ்து பிறப்பு விழா ஆசிரியருக்கு எளிது. அந்தக் கதையில் குழந்தை, தாய், இடையர்கள், விண்மீன் என எல்லாமே பிள்ளைகளின் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஈஸ்டர் அப்படியன்று. சிலுவையைக் கடக்காமல் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் போய்ச் சேர முடியாது.

பணியில் சேர்ந்த புதிதில் நான் ஒரு தவறு செய்தேன். பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் முள்முடியையும் ஆணிகளையும் விவரமாகச் சொல்லி, மிச்சக் கதையை விடுமுறை முடிந்து வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். வாசல் வரை போன ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி திரும்பி வந்து, "டீச்சர், அவங்க அம்மா பாத்துக்கிட்டே நின்னாங்களா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியோடு அவளை அத்தனை நாள் காத்திருக்க வைத்ததை நினைத்தால் இன்றைக்கும் மனம் வலிக்கிறது. அதன்பின் நான் சிலுவையை மறைப்பதுமில்லை, வருணிப்பதுமில்லை. இயேசுவைக் கொன்றுவிட்டார்கள், அவருடைய அம்மாவும் நண்பர்களும் அழுதார்கள், கல்லறையில் வைத்தார்கள் என்று சுருக்கமாகச் சொல்லி, அதே மூச்சில் ஞாயிறு விடியலையும் சொல்லிவிடுகிறேன்.

மேற்கத்திய திருச்சபைகளின் கணக்கில் ஈஸ்டர் மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எந்த ஞாயிறிலும் வரலாம். பெரும்பாலும் அது பள்ளி விடுமுறைக்குள் விழுந்துவிடுவதால், விழாவை முன்கூட்டியே, ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்துக்குள்ளேயே நடத்தி முடித்துவிடும் பழக்கம் பல பள்ளிகளில் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. உயிர்ப்புக் காலம், தூய ஆவியார் சீடர்கள்மேல் இறங்கியதைக் கொண்டாடும் பெந்தெகொஸ்தே விழா வரை 50 நாள் நீள்கிறது. பிள்ளைகள் திரும்பி வந்தபின் கொண்டாடினாலும் அது காலம் தவறிய கொண்டாட்டமாகாது. தவக்காலத்தில் பாடாமல் நிறுத்திவைக்கும் 'அல்லேலூயா' என்ற இறைபுகழ்ச்சிச் சொல்லை வண்ணத்தாளில் எழுதி ஒரு பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டால், விடுமுறை முடிந்து வருகிற அன்று அதைத் திறப்பதே விழாவின் தொடக்கமாக அமைந்துவிடும்.

என் வகுப்பில் விழாவின் நடுநாயகம் விவிலியத்தில் உள்ள யோவான் நற்செய்தியின் 21ஆம் அதிகாரம். இயேசுவின் சீடர்கள் ஏழு பேர் இரவெல்லாம் வலை வீசியும் ஒன்றும் அகப்படவில்லை. விடியற்காலையில் கரையில் நிற்கும் ஒருவர், படகின் வலப்பக்கம் வலையை வீசச் சொல்கிறார். அவர் உயிர்த்தெழுந்த இயேசு என்று தெரிந்ததும், சீடர்களுள் ஒருவரான பேதுரு தண்ணீரில் குதித்துவிடுகிறார். இந்த இடத்தில் எந்த வகுப்பும் உட்கார்ந்து கேட்டதில்லை! வலையில் இருந்தவை 153 பெரிய மீன்கள் என்று நற்செய்தியே எண்ணிச் சொல்கிறது. முப்பது பிள்ளைகள் ஆளுக்கு ஐந்து மீன் வெட்டினால் 150. மீதி மூன்றை ஆசிரியர் வெட்டலாம். ஒவ்வொரு மீனாக எண்ணி வலையில் போட அரைமணி நேரம் ஆகும், ஆகட்டும். நூற்றைத் தாண்டி எண்ணப் பழகாத பிள்ளைகள்கூட அன்று கூடவே எண்ணுகிறார்கள். அத்தனை மீன் இருந்தும் வலை கிழியவில்லை என்பதை, வலையின் ஓரத்தை இறுகப் பிடித்துக்கொண்டு அவர்களே சொல்கிறார்கள்.

பிற சமயப் பிள்ளைகளும் அந்த வலையைப் பிடிக்கிறார்கள். "கிறிஸ்தவர்கள் இப்படி நம்புகிறார்கள்" என்று தெளிவாகச் சொல்லிவிட்டே கதையைத் தொடங்குகிறேன். செபத்தில் கலந்துகொள்ளும்படி யாரையும் வற்புறுத்துவதில்லை. மீன் வெட்டுவதற்கும் எண்ணுவதற்கும் பகிர்ந்து உண்பதற்கும் எந்தப் பிள்ளையும் விலகி நின்றதில்லை.

பிறகு தரையில் சிவப்புத் தாளால் கரிநெருப்பு மூட்டி, அதைச் சுற்றி வட்டமாக அமர்ந்து அப்பத்தைப் பிட்டுக் கொள்கிறோம். சீடர்கள் கரையேறியபோது அங்கே நெருப்பும், அதன்மேல் மீனும், அப்பமும் ஏற்கெனவே இருந்தன என்று கதை சொல்கிறது. கடந்த முறை அதைக் கேட்ட ஒரு சிறுவன் கையிலிருந்த அப்பத்தைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப இயேசுவே சமைச்சு வச்சாரா?" என்று கேட்டான். அப்படித்தான் இருக்க வேண்டும், கரையில் வேறு யாரும் இருந்ததாகக் கதையில் இல்லையே என்றேன். அவன் தன் அப்பத்தை எடுத்து, பக்கத்தில் இருந்தவனுக்குப் பாதி பிட்டுக் கொடுத்தான்.

நன்றி, வணக்கம்.